ஆடியில் வரைந்த படம்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிப் போகிற சாலையில், வாடகை சைக்கிள்கள் வரிசையாக நிற்கும் இடத்தைத் தாண்டினால் இப்ராம்சாவின் தைலக் கடை. கடையின் பக்கவாட்டில் இழுத்துக் கட்டிய நீலத் தார்ப்பாய்க்குக் கீழே குருநாதன் உட்கார்ந்திருப்பார். எதிரே ஒரு மடக்கு நாற்காலி. அதில் வந்து உட்காருகிறவரின் முகத்தைக் கரித்துண்டால் தாளில் இறக்கிக் கொடுப்பது அவர் பிழைப்பு. ஊரில் அதே பிழைப்பு நடத்துகிறவர்கள் இன்னும் நாலைந்து பேர் உண்டு. அவர்களிடம் உட்கார்ந்தால் கறுத்தவர் வெளுப்பார், பருத்தவர் இளைப்பார், வழுக்கையில் முடி முளைக்கும். குருநாதனிடம் அந்தப் பேச்சே கிடையாது. மூக்கின் மேல் மரு இருந்தால் தாளிலும் மரு இருக்கும். கண்ணுக்குக் கீழே பை தொங்கினால் அதுவும் தொங்கும்.

தேனிலவுக்கு வந்த மாப்பிள்ளைகள், "இது என்னை மாதிரியே இல்லையே" என்று முகத்தைச் சுளிப்பார்கள்.

"நீங்கதாங்க அது. வீட்டுல மாட்டி வச்சுக் கொஞ்ச நாள் பாருங்க, பழகிரும்" என்பார். சிரிக்காமல் சொல்வார். அதனால் அவருக்குக் கூட்டம் குறைவு, தலைக்கனம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

அவரிடம் ஒரே ஒரு கட்டளை உண்டு. உட்கார்ந்த பிறகு வாயைத் திறக்கக் கூடாது. பேசினால் முகம் கலைந்துவிடும் என்பார். மனுஷன் பேசும்போது எதிரே இருப்பவனுக்காக ஒரு முகத்தை மாட்டிக்கொள்கிறான். வாயை மூடிக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அந்த முகம் வழுக்கி விழுந்து, உள்ளே இருப்பது தானாக மேலே வரும். அதைப் பிடித்துத் தாளில் வைப்பதற்குத்தான் படம் என்று ஒன்று இருக்கிறது. இதுதான் அவர் கொள்கை. முப்பது வருஷமாக அதைக் கட்டிக்காத்தார். அந்தக் கொள்கையால்தான் பெற்ற மகளைப் பறிகொடுத்தோம் என்று இன்றைக்கு நம்புகிறார். அப்படி நம்பாதே என்று அவரிடம் அடித்துச் சொல்ல ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை.

அவர் பிறந்தது பழனி அடிவாரத்தில். அப்பாவுக்குச் சாமிப் படக் கடை. சட்டம் போட்ட முருகன், பிள்ளையார், லட்சுமி என்று சுவர் முழுக்கத் தொங்கும். பையன் அவற்றைப் பார்த்துப் பார்த்தே கை பழகினான். ஒரு தைப்பூசத்துக்கு முன்னால் தானே ஒரு வள்ளி வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தான். வள்ளிக்குத் தாடையில் ஒரு தழும்பு வைத்திருந்தான். பூ விற்கும் அக்காவுக்கு அப்படி ஒரு தழும்பு இருந்தது. அப்பா படத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"ஏலே, படம்ங்கிறது கும்புடுறதுக்கு. வாங்கிட்டுப் போறவன் இது முன்னாடி நின்னு அழணும், கேக்கணும். தழும்பு இருந்தா அவன் தழும்பப் பாத்துக்கிட்டு நிப்பானா, கேக்க வந்ததக் கேப்பானா?"

பையனுக்கு அது ஏறவில்லை. எல்லாச் சாமிக்கும் ஒரே முகம் வரைவது அவனுக்குப் பொய்யாகப் பட்டது. இருபது வயதில் மலையேறினான். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வாடகைக்கு இரண்டு அறை பிடித்தான், மணிமேகலையைக் கல்யாணம் செய்தான், தேவசேனா பிறந்தாள். மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே மணிமேகலை மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். ஒருவருக்கு ஒருவர் சமைத்துப் போட்டுக்கொண்டு, அதிகம் பேசிக்கொள்ளாமல், அன்பாகவே இருந்தார்கள். பேசாமல் இருப்பதே அந்த வீட்டுக்கு இயல்பாகிப் போனது.

பேச்சுக்கு இப்ராம்சா இருந்தார். ஒத்த வயதுக்காரர். தைலமும் சாக்லேட்டும் விற்றுக்கொண்டே தார்ப்பாய்க்குள் தலையை நீட்டி வம்புக்கு இழுப்பார்.

"ஏலே குரு, உனக்கு எதுக்குலே இந்தச் சோலி? நாளைக்கு மறுமையில படைச்சவன் கேப்பான், இம்புட்டு மொகத்த வரைஞ்சியே, இதுக்கெல்லாம் உசுரக் குடுன்னு. அப்ப என்ன செய்வ?"

"உங்க கடைத் தைலத்தத் தேச்சு எழுப்பிருவேன் பாய்."

"அதுலதான் பாதி தண்ணியாச்சே" என்று தன் சரக்கைத் தானே காலை வாரிவிட்டுச் சிரிப்பார் இப்ராம்சா. அவருக்கு ஒரு மகள், மஹ்ஜபின். தேவசேனாவும் அவளும் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருத்தி வீட்டில் மற்றவள் சாப்பிடாத நாள் குறைவு. மஹ்ஜபின் நர்ஸ் வேலைக்குப் படித்துச் சவூதிக்குப் போனாள். தேவசேனா கொடைக்கானலிலேயே ஒரு ஓட்டல் வரவேற்பறையில் வேலை பார்த்தாள். பிறகு ஆயக்குடியில் கொய்யா மண்டி வைத்திருக்கும் பழனிக்குமாரோடு வைகாசியில் கல்யாணம் நடந்தது. நல்ல பையன். கொஞ்சம் சங்கோஜி. பெண் பார்க்க வந்தபோது ஒரு கூடை கொய்யாவை வைத்துவிட்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தலை ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். குருநாதன் சீரோடு போய் அழைத்து வந்தார். ஆடி மாதம் கொடைக்கானலில் பிழைப்பு படுத்துவிடும். மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும். எதிரே நிற்கிற ஆளே தெரியாது, முகத்தை யார் வரையச் சொல்வார்கள்? அவர் வீட்டிலேயே கிடந்தார். மகளும் வீட்டில் இருந்தாள். அவள் வந்த நாளிலிருந்து எதையோ மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

அது இதுதான். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குக் கீழே, கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. முதலில் புளியங்கொட்டை அளவு. பிறகு அதைவிடப் பெரிதாக. புருஷனிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகிறது. சீக்கு இருப்பதை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசினால் அப்பாவுக்குத் தலைகுனிவு. மாமியாரிடம் சொல்ல அதைவிடப் பயம். அம்மா இருந்திருந்தால் அடுப்படியில் நின்றபடியே சொல்லியிருப்பாள். அம்மா இல்லை. மஹ்ஜபின் கடலுக்கு அந்தப் பக்கம். போனில் சொல்கிற விஷயமாகவும் அது அவளுக்குப் படவில்லை. மிச்சம் இருந்தது அப்பா ஒருவர்தான். அப்பாவிடம் போய் மார்பில் கட்டி என்று எப்படிச் சொல்வது? அந்தக் கூச்சத்தை வென்று எழ அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது.

அன்று மத்தியானம் சோறு சாப்பிட்டபின், கடுங்காப்பி போட்டு அப்பாவுக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, ஜன்னலோரம் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெளியே மூடுபனி வெள்ளையாக அப்பிக் கிடந்தது. அந்த வெளிச்சம் அவள் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் விழுந்தது. வலது கை முந்தானைக்குள் போய் இடது அக்குளுக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. உதட்டை ஒருமுறை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

குருநாதன் நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷமாக எந்த முகத்திலும் அவர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பயமும் துணிவும் ஒரே முகத்தில், ஒன்றை ஒன்று தள்ளாமல் நின்றன. காப்பி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுத் தாளைத் தேடினார்.

"சொல்லலாம் பாப்பா, சொல்லலாம். அந்த மொகத்த அப்படியே வையி. பேசாத, கலைஞ்சிரும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய கட்டளை. கொஞ்ச நேரம் கழித்து வலது கையை எடுக்கப் போனாள்.

"கையையும் எடுக்காத."

எடுக்கவில்லை. வெளிச்சம் மங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். குருநாதனுக்கு உலகமே மறந்துபோயிற்று. கையில் கரி தானாக ஓடியது. கடைசியில் எழுந்து முதுகை நிமிர்த்தியபோதுதான் நினைவு வந்து, "என்னமோ சொல்ல வந்தியே?" என்று கேட்டார். கேட்டாரே தவிர, கண் தாளைவிட்டு அகலவில்லை.

"ஒண்ணுமில்லப்பா. அப்புறம் சொல்றேன்" என்றாள் அவள். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காப்பி குடிக்கப்படாமல் ஆறிப் போயிருந்தது.

ஒரு வாரம் சேர்த்து வைத்த துணிச்சல் அது. ஒரே மத்தியானத்தில் கரைந்து போனது. மறுபடி சேர்க்க அவளால் முடியவில்லை. குருநாதனோ அந்த மாதம் முழுவதும் படத்திலேயே குடியிருந்தார். பக்கத்தில் மகள் நடமாட, தாளில் இருந்த மகளின் கண்ணிமையைத் திருத்திக்கொண்டிருந்தார். முடியாத படத்தை யாருக்கும் காட்டுவதில்லை என்பதால் அவளுக்கும் காட்டவில்லை. ஆடி முடிந்தது. பழனிக்குமார் வந்து அழைத்துப் போனான். காரில் ஏறும்போது, "உடம்பப் பாத்துக்கோங்கப்பா" என்று மகள் சொன்னாள். அப்பா தலையாட்டினார்.

படம் புரட்டாசியில் முடிந்தது. இப்ராம்சா பார்த்துவிட்டு வழக்கமான வம்பை மறந்தார். "பிள்ளைக்கு என்னலே கவலை?" என்று கேட்டார்.

"கவலையா? அது பாவம் பாய். மொகபாவம்."

"என்னமோ போ. எனக்குப் பாக்கச் சங்கடமா கெடக்கு."

சங்கடம் என்றதையும் குருநாதன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். மனிதர் தன் சாமர்த்தியத்தில் மயங்கி நிற்கும்போது காதில் விழுவதெல்லாம் பாராட்டுத்தான்.

சித்திரையில், சீசன் நேரத்தில், சுசித்ரா என்று ஒரு பெண்மணி தன் பழைய பங்களாவில் ஓவியக் கண்காட்சி வைத்தார். சென்னையில் ஓவியக் கல்லூரியில் பாடம் சொன்னவர், மலைக்கு வந்து தங்கிவிட்டவர். ஏரிக்கரையில் நடக்கப் போகும்போது குருநாதனின் வேலையைப் பார்த்து, கண்காட்சிக்கு ஒரு படம் கேட்டிருந்தார். குருநாதன் மகள் படத்தைக் கொடுத்தார். அது நடுச்சுவரில் மாட்டப்பட்டது. வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால்தான் நின்றார்கள். அந்தக் கையைப் பார், அந்தக் கையைப் பார் என்றார்கள். தன்னைத் தானே தாங்கிப் பிடித்திருக்கிற கை என்றார் ஒருவர். ரகசியத்தைப் பொத்தி வைத்திருக்கிற கை என்றார் இன்னொருவர். குருநாதன் புதுச் சட்டையும் ஸ்வெட்டருமாக மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"சார், ஒரு ஓவியம் எதுக்கும் பயன்படணும்னு இல்ல" என்றார் சுசித்ரா. "சாமி கும்பிட, வீட்ட அலங்கரிக்க, புத்தி சொல்ல, எதுக்கும் வேண்டாம். உண்மையா இருந்தாப் போதும். இது உண்மையா இருக்கு."

அடிவாரத்துக் கடையில் அன்றைக்குத் தலைகுனிந்து நின்ற பையனுக்கு, நாற்பது வருஷம் கழித்துக் கிடைத்த பதில் அது. குருநாதனுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்தது அன்றைக்குத்தான். அதை நினைத்தால் இப்போது அவருக்குக் கூசுகிறது.

மூன்றாம் நாள் மஹ்ஜபின் வந்தாள். சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்து இறங்கியவள், தோழியின் படம் மாட்டியிருக்கிறது என்று வாப்பா சொன்னதும் கிளம்பி வந்தாள். படத்தின் எதிரே போய் நின்றாள். முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. கிட்டப் போனாள்.

"மாமா, இவ ஏன் கைய இங்க வச்சிருக்கா?"

"அவளா வச்சதும்மா. நான் வைக்கச் சொல்லல. தானா வந்துச்சு. அதுதான் அழகே."

"எப்ப வரைஞ்சது?"

"போன ஆடி."

"அங்க வலிக்குதுன்னு ஏதாச்சும் சொன்னாளா?"

"இல்லையே."

மஹ்ஜபின் படத்திலிருந்து திரும்பி அவரைப் பார்த்தாள். நர்ஸின் பார்வை பாதி, தோழியின் பார்வை பாதி. "இல்ல மாமா. அழகுக்கு யாரும் அங்க கைய வச்சு அழுத்த மாட்டாங்க. நான் இப்பவே சேனாவுக்குப் போன் போடுறேன்."

பங்களா வாசலில் நின்று பேசினாள். அவள் என்ன கேட்டாள், மகள் என்ன சொன்னாள் என்று குருநாதனுக்குக் கேட்கவில்லை. மஹ்ஜபின் போனைக் காதில் வைத்தபடியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டதைத்தான் பார்த்தார். அப்போதும்கூட அவருக்கு முழுசாக விளங்கவில்லை. ஏதோ ஆகாதது நடக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

மறுநாள் வெள்ளனே குருநாதனும் இப்ராம்சாவும் மஹ்ஜபினுமாகப் பழனி வழியாக ஆயக்குடிக்குப் போனார்கள். வழியில்தான் மஹ்ஜபின் கட்டியைப் பற்றி அவரிடம் சொன்னாள். தேவசேனா இளைத்திருந்தாள். வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பின்னால் மஹ்ஜபினைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். பழனிக்குமார் மண்டியிலிருந்து ஓடிவந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்தால் கல்லும் இளகும். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று ஒரே ஒரு முறை கேட்டான். அன்றே மதுரைக்கு அழைத்துப் போனான்.

மதுரையில் டாக்டர்கள் பார்த்தார்கள், அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று அவர்களில் ஒருவர் சொன்னார். எல்லோரிடமும் சொல்கிற வார்த்தையாகத்தான் அவர் சொல்லியிருப்பார். குருநாதன் அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தார்.

பழனிக்குமாரும் அவரும் முறை வைத்துப் பக்கத்தில் இருந்தார்கள். ஒரு பகலில், மருமகன் மருந்து வாங்கப் போயிருந்தபோது, தேவசேனா கேட்டாள்.

"அந்தப் படத்த நான் பாக்கவே இல்லையேப்பா."

"அத எதுக்கு பாப்பா இப்ப."

"காட்டுங்களேன்."

கண்காட்சியில் யாரோ எடுத்து அனுப்பிய போட்டோ அவர் போனில் இருந்தது. அதைத் தேடிக் கொடுத்தார். அவள் அதைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். தலையில் முடி இல்லை, ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள். படத்தில் இருந்தவளுக்குத் தடித்த ஜடை.

"நல்லா இருக்குப்பா" என்றாள். பிறகு, "இவ்வளவு தெரிஞ்சிருக்கே உங்களுக்கு."

"தெரியல பாப்பா" என்றார். "சத்தியமாத் தெரியல. கைக்குத்தான் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல."

"நான் சொல்ல வந்தேன். நீங்க மொகம் கலையும்னீங்க."

"ஆமா."

"குத்தம் சொல்லல. அதுக்கப்புறமும் எத்தன நாள் இருந்துச்சு, நான் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் வாய் வரல." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க சந்தோஷமா வரைஞ்சிக்கிட்டு இருந்தீங்க. அம்மா போனதுக்கப்புறம் உங்கள அப்படி நான் பாத்ததே இல்ல. அதக் கெடுக்க வேண்டாம்னு இருந்துட்டேன்."

தை பிறக்கவில்லை. மார்கழியிலேயே போய்விட்டாள். ஆயக்குடியில்தான் எடுத்தார்கள். சுமங்கலியாகப் போனவள் என்று பெரிய குங்குமப் பொட்டு வைத்து, தலை நிறையப் பூ வைத்தார்கள். இப்ராம்சா மலையிலிருந்து இறங்கி வந்து, குருநாதனின் கையைப் பிடித்தபடி தெருவில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உயிர் கொடு என்று படைச்சவன் கேட்பான் என்று சொல்லிச் சிரித்ததெல்லாம் அவருக்கு நினைவில் குத்தியிருக்க வேண்டும். அந்தப் பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுத்ததே இல்லை.

காரியம் முடிந்து குருநாதன் மலைக்குத் திரும்பியதும், சுசித்ரா படத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். விலைக்குக் கேட்டவர்கள் இருந்தார்கள், கொடுக்கவில்லை என்றார். ஸ்டூலில் உட்காரச் சொன்னதும் அதைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். படத்தில் இருக்கும் ஸ்டூல் அது. நின்றுகொண்டே பேசினார்.

"உண்மையா இருந்தாப் போதும்னு சொன்னீங்களேம்மா" என்றார் குருநாதன். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார். "போதலையே."

சுசித்ரா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய். "எனக்குத் தெரியல சார்" என்றார் கடைசியில். "நானும் அது முன்னாடி நின்னு அந்தக் கையப் பத்தி எவ்வளவோ பேசினேன். அந்தப் பொண்ணு எப்படி இருக்கான்னு உங்களக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

அவர் போன பிறகு குருநாதன் படத்தைப் பிரிக்காமல் பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்க்க வைத்தார். கிழிக்கவும் மனசு வரவில்லை, பார்க்கவும் தெம்பு வரவில்லை. யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. அப்பா சொன்னது போல் கும்பிடுகிற மாதிரி ஒரு முகம் வரைந்திருந்தால் அவள் என்ன சொல்ல வந்தாள் என்று கேட்டிருப்போமோ? கேட்டிருக்கலாம். ஆனால் அந்தப் படம் இல்லாவிட்டால் மஹ்ஜபினுக்கும் தெரிந்திருக்காது. மதுரைக்குப் போன அந்த எட்டு மாதமும் கிடைத்திருக்காது. அப்படியானால் படம் காப்பாற்ற வந்ததா, ஏமாற்ற வந்ததா? இதற்குப் பதில் கிடைத்தால் தூக்கம் வரும் என்று நினைத்தார். பதில் கிடைக்கவில்லை. தார்ப்பாய்க்குக் கீழே போய் உட்காருவதை நிறுத்திவிட்டார். இப்ராம்சாதான் மடக்கு நாற்காலியை எடுத்துக் கடைக்குள் வைத்தார். மூன்று வேளையும் மதீனா பீவி, இப்ராம்சாவின் மனைவி, சோறு கொடுத்துவிட்டாள். கொடுத்துவிட்டதைப் பாதி சாப்பிட்டார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழனிக்குமார் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. கையில் ஒரு பை கொய்யா. அதைக் கீழே வைத்துவிட்டு, பெண் பார்க்க வந்த நாளைப் போலவே, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாமனார் தண்ணீர் கொடுத்தார். குடித்தான்.

"மாமா, அந்தப் படம் இங்கதான இருக்கு?"

"இருக்கு."

"நான் கொண்டு போகவா?"

குருநாதன் இதை எதிர்பார்க்கவில்லை. "அத எதுக்குப்பா கேக்குற. கல்யாண போட்டோ இருக்குல்ல, சிரிச்ச மொகமா. அதப் பெருசு பண்ணி மாட்டு."

"அது போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னது மாமா."

"இது அவ வலிதான்ப்பா. வலிய மாட்டி வச்சு என்ன செய்யப் போற?"

சங்கோஜிகளுக்கு வார்த்தை மெதுவாகத்தான் வரும். "பாக்கப் போறேன்" என்றான். "பக்கத்துலயேதான் படுத்துருந்தேன் மாமா. ஒரே தட்டுலகூடச் சாப்புட்டோம். ஒரு நாளும் எனக்குத் தெரியல. நான் பாக்காம விட்டதெல்லாம் அதுல மட்டுந்தான் இருக்கு. அதப் பாக்கணும் எனக்கு."

குருநாதன் எழுந்தார். பீரோவை நகர்த்த அவன் கை கொடுத்தான். காகிதத்தைப் பிரித்தார். ஜன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டு, தான் பார்க்காமல் இருக்கத் தள்ளிப் போய் நின்றார்.

பழனிக்குமார் தரையில் சம்மணம் போட்டு அதன் எதிரே உட்கார்ந்தான். கண்ணைப் பார்த்தான், வாயைப் பார்த்தான், ஜடையைப் பார்த்தான். எல்லோரையும் போல அவனும் கடைசியில் கைக்குத்தான் வந்தான்.

"எம்புட்டு நேரம் மாமா இப்படி உக்காந்துருந்தா?"

"மத்தியானத்துலருந்து வெளிச்சம் போற வரைக்கும்."

"கைய எடுக்கவே இல்லியா?"

"எடுக்கப் போனா. நான்தான் எடுக்காதன்னேன்."

பழனிக்குமார் தன் வலது கையை மெதுவாகத் தூக்கி, அவள் வைத்திருந்தது போலவே, இடது அக்குளுக்குக் கீழே வைத்து அழுத்திப் பார்த்தான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். நல்ல உடம்புக்கே அப்படி வைத்தால் கை சீக்கிரத்தில் மரத்துப்போகும்.

"வலிச்சிருக்கும்ல மாமா" என்றான்.

அத்தனை பேர் அந்தக் கையின் முன்னால் நின்று பேசியிருந்தார்கள். அன்றைக்கு அப்படி உட்கார்ந்திருந்தபோது வலித்ததா என்று யாரும் கேட்டதில்லை. மகள் போன நாளிலிருந்து எத்தனையோ கேள்விகளைத் தன்னிடமே கேட்டு அலுத்த குருநாதனும் இதைக் கேட்டுக்கொண்டதில்லை.

"வலிச்சிருக்கும்" என்றார். மயானத்தில்கூட வராத அழுகை அப்போது வந்தது. மருமகன் எழுந்து வந்து அவரைப் பிடித்துக்கொண்டான்.